இரண்டு விரற்கடை வளர்ந்த கால்

காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது.

பத்து வருடமாகப் படம் ஓடாமல் பூட்டிக் கிடந்த திரையரங்கு அது. கடைசிப் படத்துக்கு வந்ததே பதினோரு பேர்தான். இப்போது தினமும் அரங்கு நிறைந்த காட்சி. ஊன்றுகோலோடு வந்தவர்கள், சக்கர நாற்காலியில் தள்ளி வரப்பட்டவர்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். இவர்களை விட அதிகமாக ஒன்றுமே இல்லாமல், “எதுக்கும் ஒரு தடவை காட்டிடலாமே” என்று வந்தவர்கள்.

முன்பு டிக்கெட் கொடுத்த ஓட்டை வழியாக இப்போது டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே இருந்த அம்மாள் எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “எந்தப் பக்கம் வலி?” பதிலைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பிவிடுவாள். பிறகு மேடையில் இருப்பவர் கண்ணை மூடி, ஞானத்தால், எந்தப் பக்கம் வலி என்று கண்டுபிடிப்பார். கூட்டம் வாயைப் பிளக்கும்.

மேடையில் இருப்பவரைக் கூட்டம் ‘ஐயா’ என்றது. நாம் கால்நீட்டியார் என்றே சொல்வோம். அவருடைய சித்தாந்தம் மிக எளிது. மனிதனின் துன்பமெல்லாம் இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்பா வழிச் சுமை வலது இடுப்பில், அம்மா வழிச் சுமை இடது இடுப்பில். சுமை ஏறிய பக்கம் கால் குட்டையாகிவிடும். ஐயா தொட்டால் சுமை இறங்கும், கால் இரண்டு விரற்கடை நீளும். மாமியார் வழிச் சுமை எங்கே உட்காரும் என்று ஒருவர் கேட்டாராம். அது முதுகில், அதற்குத் தனி டோக்கன் என்று பதில் வந்ததாம்.

அவர் காலை நீட்டுவார். ஜனங்கள் கையை நீட்டிக் காசு கொடுப்பார்கள். கொடுத்துவிட்டு, இடுப்பை இறுக்கும் துணிக் கச்சை ஒன்றையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, முகம் மலர்ந்து வீட்டுக்குப் போவார்கள்.

அப்படி முகம் மலர்ந்து போனவர்களில் நம் தையல்காரரும் ஒருவர்.

ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தைந்து வருடமாகப் பேண்ட் தைக்கிறவர். ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு அவருக்கு மனப்பாடம். மேல் அடுக்கில் இருந்த துணிக்கட்டை எடுக்க ஏணியில் ஏறியவர், துணிக்கட்டோடு கீழே வந்துவிட்டார். இடது இடுப்பு எலும்பு முறிந்தது. தகடு வைத்து முடுக்கி, தையல் பிரித்து, இனிமேல் பயிற்சிதான் என்று மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

கீழ்த்தளத்தில் பிசியோ அம்மாவின் அறை. இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நடைபாதை, எங்கும் போகாத மூன்று மரப்படிகள், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி, சுவரில் பெரிய கடிகாரம். பிசியோ அம்மா எதையும் அளக்காமல் நம்பமாட்டார். தையல்காரருக்கு அது உடனே பிடித்துப்போனது.

“கையை ஊணாம இந்த நாற்காலியில இருந்து எழுந்து எழுந்து உக்காருங்க. அரை நிமிஷத்துல எத்தனை தடவைன்னு பாக்கறேன்.”

ஐந்து தடவை.

“இப்ப அந்த சாக்ஸை நீங்களே போடுங்க.”

முடியவில்லை. சாக்ஸுக்கும் காலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது. குனிய இடுப்பு விடவில்லை. மனைவி வந்து போட்டுவிட்டாள். அளவெடுக்கும்போது ஆயிரம் பேர் காலடியில் மண்டி போட்ட மனிதர், தன் காலடியில் மனைவி மண்டி போடுவதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார்.

பிசியோ அம்மா கோணம் பார்க்கும் கருவியை இடுப்பில் வைத்துக் குறித்துக்கொண்டார். “டிகிரி கணக்கு எனக்கு. உங்களுக்கு சாக்ஸ்தான் கணக்கு. என்னைக்கு நீங்களே போட்டுக்கிறீங்களோ, அன்னைக்குத்தான் இடுப்பு உங்க பேச்சைக் கேக்குதுன்னு அர்த்தம்.”

ஒரு மாதப் பயிற்சியில் ஐந்து பதினொன்றானது. படி ஏறினார். ஒரு நாள் முக்கி முனகி, நாக்கைக் கடித்துக்கொண்டு, சாக்ஸைத் தானே போட்டார். முக்கால்வாசிதான் ஏறியது. ஆனாலும் அன்று முழுக்க அதைக் கழற்றவில்லை.

அதற்குப் பிறகுதான் மனைவியின் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். “எதுக்கு மாப்பிள்ளை இப்படி வலிக்க வலிக்கப் பண்ணிக்கிட்டு? ஐயா ஒரு தொடு தொட்டா முடிஞ்சுது!”

ஒருத்தர் வலித்தாலும் தினமும் செய் என்கிறார். இன்னொருத்தர் சும்மா உட்கார், போதும் என்கிறார். மனித ஜென்மம் எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாளே மனைவி அவரைத் திரையரங்குக்கு அழைத்துப் போனாள். மேடையில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால்நீட்டியார் கண்ணை மூடினார். “இடது பக்கம்... அம்மா வழி...” என்று முனகினார். கூட்டம் உச்சுக்கொட்டியது. இரண்டு குதிகாலையும் சேர்த்துக் கையில் ஏந்தினார், லேசாக ஒரு பக்கம் ஒதுக்கினார். பார்த்தால், ஆமாம்! இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. “ஐயோ, இத்தனை வருஷமா எனக்குத் தெரியவே இல்லையே!” என்று மனைவி அலறினாள். ஒரு தொடுதல். ஒரு முணுமுணுப்பு. கால்கள் மெல்ல நேரே வந்தன. இரண்டும் சமம்! மைக் பிடித்தவள் வளர்ந்துவிட்டது வளர்ந்துவிட்டது என்று கத்த, அரங்கமே கைதட்டியது.

“மூணு மாசம் கச்சையை அவிழ்க்காதே. இடுப்பை மடக்காதே. மடக்கினா இறக்கின சுமை மறுபடி ஏறிக்கும்” என்றார் கால்நீட்டியார்.

கச்சையைத் தடவிப் பார்த்தபோதே தையல்காரர் விரலுக்குத் தெரிந்தது, அது பழைய திரையரங்கத் திரைச்சீலை என்று. விரல் சொன்னதை மண்டை கேட்கவில்லை. கட்டிக்கொண்டார். மனைவியும் போகாதீங்க என்று தடுக்க, பயிற்சி நின்றது.

இரண்டு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. தையல்காரர் மனைவியோடு கெத்தாகவே போனார்.

“பயிற்சியெல்லாம் விட்டுட்டேன் டாக்டர். தேவைப்படலை. கால் ரெண்டு விரற்கடை வளந்திருக்கு.”

பிசியோ அம்மா சிரிக்கவில்லை. “அப்படியா? நல்லது. உக்காந்து எழுந்திரிங்க.”

ஆறு தடவை. ஆறாவது தடவை இருக்கையின் விளிம்பைப் பிடித்து, நாற்காலியையும் கூடவே தூக்கிக்கொண்டு எழுந்தார். சாக்ஸ் கணுக்கால் பக்கம்கூடப் போகவில்லை. கருவியை வைத்துப் பார்த்த பிசியோ அம்மாவின் முகம் மாறியது.

“தொண்ணூறு டிகிரிக்கு மேல மடங்கின இடுப்பு, எழுபதுல நிக்குது. இன்னும் ஒரு மாசம் இப்படிக் கட்டிப்போட்டு வச்சீங்கன்னா அப்படியே நின்னுடும். அப்புறம் தையல் மெஷின் முன்னாடி உக்காரவே முடியாது. விளையாட்டுக்குச் சொல்லலை.”

“ஆனா கால் வளந்திருக்கே டாக்டர்? நானே பாத்தேன். ஆயிரம் பேர் பாத்தாங்க.”

“ரெண்டு விரற்கடை வளந்துச்சுன்னு சொல்றீங்க. சரி. பேண்ட்டோட கீழ் மடிப்பைப் பிரிச்சு இறக்கினீங்களா?”

தையல்காரர் கை தானாகப் பேண்ட் மடிப்பைத் தேடிப் போனது. பாதி வழியிலேயே நின்றது.

பிசியோ அம்மா ஒரு அளவு நாடாவை அவர் கையிலேயே கொடுத்தார். இடுப்பின் முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து கணுக்கால் எலும்பு வரை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். தையல்காரர் மனைவியை ஒரு முனை பிடிக்கச் சொல்லி அளந்தார். இரண்டு காலும் ஒரே அளவு. பிசியோ அம்மா பழைய ஏட்டைத் திருப்பிக் காட்டினார். மூன்று மாதத்துக்கு முன் எழுதி வைத்ததும் அதே அளவு. ஒரு நூல்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

வீடு வரும் வரை தையல்காரர் எதிரே வந்தவர்களின் பேண்ட் விளிம்பையே பார்த்துக்கொண்டு வந்தார். எலும்பு முறிந்தபோதுகூட அவருக்கு இவ்வளவு வலிக்கவில்லை. மூன்று மாதமாக ஊரில் ஆயிரக்கணக்கான பேருக்குக் கால் வளர்ந்திருக்கிறது. ஒருத்தன், ஒரே ஒருத்தன், பேண்ட் குட்டையாகிவிட்டது என்று கடைக்கு வந்தானா? தையல்காரனுக்கு இது முதல் நாளே உறைத்திருக்க வேண்டாமா?

கடைக்குள் போனதும் ஒரு பேண்ட்டை எடுத்து மேசையில் நீளமாக விரித்தார். இடுப்புப் பட்டையின் மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்து அசையாமல் அழுத்தினார். இரண்டு கால் விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, கால்நீட்டியார் செய்த மாதிரியே ஒரு பக்கமாக ஒதுக்கினார். எதிர்ப் பக்கத்துக் கால் மேலே ஏறியது. இரண்டு விரற்கடை! நேரே கொண்டுவந்தார். சமம்.

“ஏய், இங்க வா! பேண்ட்டுக்குச் சுமை இறங்கறதைப் பாரு!”

மனைவி வந்து பார்த்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை செய்து காட்டினார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். “துணி வேற, மனுஷன் வேற. துணிக்கு அம்மா வழியா, அப்பா வழியா? உங்களுக்கு நம்பிக்கை பத்தலை, அதான் கால் திரும்பக் குட்டையாயிடுச்சு.”

“குட்டையாகலைடி, அப்படியேதான் இருக்கு!”

“அப்ப வளந்ததும் அப்படியேதான் இருக்கு!”

தையல்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோதுதான், தைக்கக் கொடுத்ததை வாங்கிப் போகக் கடிகாரக்காரர் வந்தார்.

எதிர்ச் சாரியில் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஐம்பது வயது, நேரான நடை. அவரைப் பற்றி ஊருக்கே தெரியாத ஒன்று தையல்காரருக்கு மட்டும் தெரியும். தையல்காரர் இருபது வருடமாக அவருடைய பேண்ட்டின் வலது காலை மட்டும் கீழே கொஞ்சம் அகலம் வைத்துத் தைக்கிறார். முழங்காலுக்குக் கீழே அந்தப் பக்கம் இருப்பது செயற்கைக் கால்.

தையல்காரர் மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். மெல்ல விஷயத்தைச் சொன்னார். கடிகாரக்காரர் முகம் இறுகியது.

“இருபது வருஷமா மறைச்சு வச்ச காலை மேடையேறி ஊருக்குக் காட்டச் சொல்றீங்களா?”

“தப்புதான். கேட்டிருக்கக் கூடாது. விடுங்க.”

கடிகாரக்காரர் பேண்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கேயே நின்றார்.

“கால் போனப்ப ஒருத்தன் வந்தான். தொட்டுத் தொட்டு வந்தா திரும்ப முளைக்கும்னு எங்கம்மாகிட்ட சொன்னான். ஆறு மாசம் தினமும் காலையில கட்டைப் பிரிச்சு, முளைச்சிருக்கான்னு பாத்தாங்க எங்கம்மா.” பேண்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு அவர் உதட்டோரம் ஏதோ துடித்தது. “எப்ப போகணும்? என் கால் வளர்றதை நானும் ஒரு தடவை பாக்கணும்ல!”

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். டோக்கன் ஓட்டையில் கடிகாரக்காரர் குனிந்து, “வலது பக்கம்மா, தாங்க முடியலை” என்று முனகினார். அரங்கின் மூன்றாவது வரிசையில் பிசியோ அம்மா உட்கார்ந்திருந்தார். தையல்காரர் கக்கத்தில் ஒரு பேண்ட்டோடு பக்கத்தில் இருந்தார். இந்தப் பக்கம் மனைவி, ஐயாவைப் பார்க்கும் ஆசையில், யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தாள்.

கடிகாரக்காரரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால்நீட்டியார் கண்ணை மூடினார். “வலது பக்கம்... அப்பா வழி...”

“எங்கங்க பிடிச்சிருக்கு? கணுக்கால்லயா?” என்று கடிகாரக்காரர் பயபக்தியோடு கேட்டார்.

“எலும்புக்குள்ளயே பிடிச்சிருக்கு. முழங்காலுக்குக் கீழ ரத்தமே ஓடலை!”

“அது மட்டும் சத்தியமான வார்த்தைங்க!”

மூன்றாவது வரிசையில் தையல்காரர் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

கால்நீட்டியார் இரண்டு குதிகாலையும் ஏந்தினார். ஒதுக்கினார். வலது கால் இரண்டு விரற்கடை குட்டை என்று கூட்டத்துக்குக் காட்டினார். தொட்டார். முணுமுணுத்தார். நேரே கொண்டுவந்தார். “வளர்ந்துவிட்டது!” என்று மைக் முழங்கியது. கைதட்டல் கூரையைத் தொட்டது.

“உள்ளே சூடு பரவுதா?” என்றார் கால்நீட்டியார்.

“இல்லீங்களே.”

“போகப் போகத் தெரியும்.”

“தெரியறது கஷ்டங்க” என்றார் கடிகாரக்காரர். குனிந்து வலது பக்கப் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். ஒரு கணம் அவர் கை நின்றது. ஆயிரம் கண்கள். பிறகு வாரை அவிழ்த்து, காலணியோடு சேர்த்துக் காலைக் கழற்றி, கால்நீட்டியாரின் இரண்டு கையிலும் வைத்தார். “இதுல எலும்பு எங்கங்க இருக்கு? இருபது வருஷமாத் தேடறேன்.”

கால்நீட்டியார் கையில் காலோடு நின்றார். கீழே வைக்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் தோன்றவில்லை. அப்போது முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கண்ணீர் மல்க, “பாத்தீங்களா! ஐயா தொட்டா பிளாஸ்டிக்கே வளருது!” என்றார். நாலைந்து பேர் கைதட்டினார்கள். கால்நீட்டியாரின் முகத்தில் உயிர் வந்தது. “அன்புக்கு முன்னால எலும்பு என்ன, பிளாஸ்டிக் என்ன!” என்றார். இப்போது ஐம்பது பேர் தட்டினார்கள். ஏமாறுவதென்று முடிவு கட்டியவனை ஏமாற்ற ஆள்கூடத் தேவையில்லை, அவனே பார்த்துக்கொள்வான்.

தையல்காரருக்கு உள்ளே எரிந்தது. முன்இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, காலை இழுத்து இழுத்து, மேடைப் படி ஏறினார். அங்கிருந்த மேசையில் பேண்ட்டை விரித்து, இடுப்புப் பட்டையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தார். “அளவு பாக்காம கை தட்டாதீங்க! இங்க பாருங்க!” ஒதுக்கினார், குட்டை. நேராக்கினார், சமம். “கால் வளரலை. இடுப்பு ஒரு இடத்துல இருக்கும்போது காலை மட்டும் சாய்ச்சா ஒண்ணு குட்டையாத் தெரியும். அவ்வளவுதான்! உங்க யாருக்காவது கால் வளந்திருந்தா என் கடைக்குப் பேண்ட்டை இறக்க வந்திருக்கணுமே, ஏன் வரலை?”

பின்வரிசையில் சிலர் குனிந்து தங்கள் பேண்ட் விளிம்பைப் பார்த்தார்கள்.

“துணி வேற, மனுஷன் வேற!” என்று கத்தினார் கால்நீட்டியார்.

அது தன்னுடைய வசனம் என்று தையல்காரர் மனைவிக்குத் தெரியும். தன் வாயிலிருந்து வந்தபோது நன்றாகத்தான் இருந்தது. இந்த ஆள் வாயிலிருந்து, அதுவும் ஒருத்தரின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னபோது, கேட்கவே கூசியது. இரண்டு மாதமாக தினமும் தான் குனிந்து சாக்ஸ் போட்டுவிட்டதும், பயிற்சிக்குப் போகாதீங்க என்று தானே தடுத்ததும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் ஏறின. எழுந்து மேடைக்குப் போனாள். கால்நீட்டியார் கையிலிருந்த செயற்கைக் காலை வாங்கி உரியவரிடம் கொடுத்தாள். அவர் வாரைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றதும், காலியான நாற்காலியைக் காட்டினாள்.

“மனுஷன் வேறதான் ஐயா. நீங்க மனுஷன்தானே? உக்காருங்க.”

“நானா? எதுக்கும்மா?”

“உக்காருங்க ஐயா!” கூட்டத்திலிருந்து ஒரு குரல். பிறகு பத்து. பிறகு எல்லாரும். கூட்டம் கேட்டால் மறுக்க முடியாது, அவருடைய பிழைப்பே அதுதான். உட்கார்ந்தார்.

அவள் அவருடைய இரண்டு குதிகாலையும் ஏந்தினாள். ஒதுக்கினாள். “ஐயையோ, இடது கால் குட்டை! அம்மா வழிச் சுமை! பாவம், பெத்தவங்க என்ன கஷ்டப்பட்டாங்களோ!” நேராக்கினாள். “வளந்துடுச்சு!” மறுபக்கம் ஒதுக்கினாள். “அடடா, இப்ப வலது! அப்பா வழி!” நேராக்கினாள். “வளந்துடுச்சு! இப்படியே ஒரு மணி நேரம் பண்ணினா ஐயா கூரையைத் தொட்டுடுவார்!”

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பவர் காலை இவரும், இவர் காலை அவரும் பிடித்து ஒதுக்கிப் பார்க்க, திரையரங்கம் முழுக்கக் கால்கள் வளர்ந்தும் குட்டையாகியும் கொண்டிருந்தன. பிளாஸ்டிக் பக்தர்கூடத் தன் மச்சான் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கச்சைகள் ஒவ்வொன்றாக மேடையை நோக்கிப் பறந்தன. டோக்கன் அறைக்கு வெளியே, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பவர்களின் வரிசை ஒன்று புதிதாக உருவானது.

கால்நீட்டியார் அதைப் பார்த்தார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் துள்ளி எழுந்தார். மேடையிலிருந்து குதித்தார். பக்கவாட்டுப் படிகளை இரண்டு இரண்டாகத் தாண்டினார். பின்புறச் சுவரில் ஒரு காலைத் தூக்கி வைத்து, ஒரே எம்பில் அந்தப் பக்கம் விழுந்து மறைந்தார்.

பிசியோ அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார். “இடுப்பு அசைவு அபாரம். எந்த டோக்கனும் வாங்காம!”

மறுநாள் திங்கட்கிழமை. கீழ்த்தளத்தில் உட்கார இடமில்லை. கச்சை கட்டி இறுகிப்போனவர்கள் வரிசையில் நின்றார்கள். பிசியோ அம்மா ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லி எண்ணிக்கொண்டிருந்தார். தையல்காரருக்கு எழுபதைத் திரும்பத் தொண்ணூறாக்க மூன்று மாதம் ஆனது. வலித்தது. கத்தினார். மனைவி பக்கத்தில் நின்று எண்ணினாள், ஒன்றிரண்டு எண்ணிக்கையை அவர் ஏமாற்றப் பார்த்தபோது விடவில்லை.

வரிசையில் ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார். “ஏம்மா, இதுக்கு மாத்திரை மருந்து ஏதாவது கிடையாதா? ஒரேயடியா சரியாகிற மாதிரி?”

“கிடையாதுங்க” என்றார் பிசியோ அம்மா, கோணம் பார்த்தபடியே. “தினமும் கொஞ்சம் வேலை வாங்கணும். சும்மா போட்டு வச்சா எந்த மூட்டும் துருப்பிடிச்சுப் போகும்.” பிறகு நிமிர்ந்து பெரியவரின் தலையை ஒரு விநாடி பார்த்தார். “கழுத்துக்கு மேல இருக்கறதும் அப்படித்தாங்க. அதுக்கு நான் வந்து பயிற்சி கொடுக்க முடியாது. நீங்களேதான் அசைக்கணும்.”